வெயில் ஊர்க்காரருக்கு வலது மூளைதானா? குடியாத்தத்துத் தாயாருக்கு ஒரு பதில்

குடியாத்தத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். அவருடைய மகன் ஏழாவது படிக்கிறான், இடது கைக்காரன். கணக்கில் மார்க் குறைகிறதே என்று ஒரு பயிற்சி வகுப்பில் சேர்த்திருக்கிறார். அங்கே ஒரு தாளைக் கொடுத்து இருபது கேள்விக்கு டிக் அடிக்கச் சொல்லிவிட்டு, “பையனுக்கு வலது மூளை ஆதிக்கம். கற்பனை வரும், கணக்கு வராது” என்றார்களாம். கூடவே ஒரு விளக்கமும். “குளிர் நாட்டுக்காரன் ஆறு மாசம் பனியில் பிழைக்கணும்னா திட்டம் போட்டே ஆகணும். அதனால் அவனுக்கு இடது மூளை வளர்ந்தது. நம்ம மாதிரி வெயில் ஊரில் அந்தத் தேவை இல்லை. நமக்கு உணர்ச்சிதான் முன்னே வரும்.” அந்த அம்மா கேட்கிறார்: “இது உண்மையா ஐயா? எங்க பரம்பரைக்கே கணக்கு வராதா?”

உண்மை இல்லை அம்மா. மூளையின் இரண்டு பாதிக்கும் வேலை வேறு வேறு என்பது சரி. மனித உடம்பு கடுமையான வெயிலுக்கும் பனிக்கும் பழகிக்கொள்ளும் என்பதும் சரி. இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே முடிச்சில் கட்டி, ஊருக்கு ஒரு மூளை என்று பிரித்துக் கொடுத்ததுதான் தப்பு. முப்பது வருஷம் உடலியங்கியல் பாடம் எடுத்தவன் நான். இந்தப் பேச்சு எங்கே உண்மையிலிருந்து விலகுகிறது என்று கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். ஒரு பிள்ளையின் படிப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

முதலில் மூளை. எங்கள் தெருவில் பீடி சுற்றும் அத்தை ஒருவர் இருந்தார். சொந்த அத்தை இல்லை, தெருவுக்கே அத்தை. மடியில் முறம், முறத்தில் ஒரு பக்கம் வெட்டிய இலை, மறுபக்கம் தூள். இடது கை இலையைப் பிடித்திருக்கும். வலது கை தூளை நீளவாக்கில் பரப்பும். பிறகு இரண்டு கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து உருட்டும். நுனியை மடக்கி, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடும். கண் முறத்தில் இருக்காது, தெருவில் இருக்கும். வாய் பேசிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி.

வலது கையை ஓட்டுவது இடது மூளை, இடது கையை ஓட்டுவது வலது மூளை. அத்தை ஒரு பீடியை உருட்டும் அந்த இரண்டு மூன்று நொடியில் இரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று எத்தனையோ முறை சேதி அனுப்பியிருக்கும். அந்தச் சேதி போகும் பாலத்துக்கு கார்பஸ் கலோசம் என்று பெயர். சுமார் 20 கோடி நரம்பு இழைகள் சேர்ந்த தடித்த பட்டை அது. ஒரு பாதி தூங்க மறுபாதி ஆளும் ஏற்பாடாக இருந்தால், இவ்வளவு பெரிய பாலத்துக்கு அங்கே என்ன வேலை?

அத்தைக்கு அறுபது தாண்டி ஒரு நாள் பக்கவாதம் வந்தது. அடைப்பு இடது மூளையில். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது புரியும், பதிலுக்கு “சரி சரி” என்ற ஒரே சொல்தான் வரும். கோபமானாலும் “சரி சரி”, தண்ணீர் வேண்டுமென்றாலும் “சரி சரி”. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் இப்படித்தான் ஒரு நோயாளியைப் பார்த்தார். அவருக்கு வந்த ஒரே சொல் “டான்”. அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தால் இடது முன்பகுதியில் சேதம். பேச்சை உருவாக்கும் இடம் பெரும்பாலோருக்கு இடது பக்கம் என்பது அங்கிருந்துதான் தெரியவந்தது.

ஆனால் அத்தையின் கதை அதோடு முடியவில்லை. ஆடி வெள்ளியன்று தெருமுனைக் கோயிலில் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு போட்டார்கள். கட்டிலில் படுத்திருந்த அத்தை கூடவே பாட ஆரம்பித்தார். நாலு வரி, ஒரு சொல் விடாமல். மருமகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து வாசலில் நின்று அழுதார். பாட்டு முடிந்ததும் மறுபடி “சரி சரி”தான். ராகத்தோடு வரும் சொல்லுக்கு வலது பாதி கை கொடுக்கிறது. 1970களில் பாஸ்டனில் இதையே ஒரு சிகிச்சை முறையாக்கி, சொற்களை ராகமாக இழுத்துச் சொல்லவைத்துப் பேச்சை மீட்கப் பார்த்தார்கள். இன்னொன்றும் கவனித்தேன். “இது எத்தனை?” என்று கேட்டால் அத்தையால் சொல்ல முடியாது. ஆனால் இருபத்தைந்து பீடிக் கட்டைக் கையில் கொடுத்தால், ஒண்ணு ரெண்டு மூணு என்று வரிசையாக எண்ணிவிடுவார். ஆயிரமாயிரம் முறை சொல்லிப் பழகிய வரிசை, பேச்சு போன பிறகும் பிழைத்திருந்தது.

வலது பாதி அடிபட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். கல்யாணப் பந்தியில் ஒரு பெரியவர், பக்கவாதத்திலிருந்து தேறி வந்தவர், “எனக்கு மட்டும் உப்பும் ஊறுகாயும் வைக்கலையே” என்று வருத்தப்பட்டார். இலையில் இரண்டும் இருந்தன. இடது ஓரத்தில். கண்ணில் கோளாறு இல்லை. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவருடைய மூளை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பேரன் இலையைத் திருப்பி வைத்ததும், “இப்பதான் வைக்கிறீங்களா” என்று சாப்பிட்டார். சுற்றியுள்ள இடத்தை முழுசாகக் கவனத்தில் பிடித்துவைப்பது வலது பாதியின் பெரிய வேலை.

ஆக, வேலைப் பங்கீடு உண்டு. ஆதிக்கம் என்ற சொல்தான் நம்மைக் குழப்புகிறது. 1960களில் தீராத வலிப்புக்காக அந்தப் பாலத்தையே வெட்டிய நோயாளிகளை ரோஜர் ஸ்பெர்ரி ஆராய்ந்தார். ஒவ்வொரு பாதியும் தனியாக என்ன செய்யும் என்று காட்டினார். 1981இல் நோபல் பரிசு வாங்கினார். அவர் பார்த்தது பாலம் வெட்டப்பட்டவர்களை. பாலம் நன்றாக இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அதை அப்படியே எடுத்துப் போட்டு, இவன் இடது மூளைக்காரன், அவள் வலது மூளைக்காரி என்று முத்திரை குத்தும் பழக்கம் பத்திரிகைகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் வளர்ந்தது. 2013இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 7 வயது முதல் 29 வயது வரையான 1,011 பேரின் மூளை ஸ்கேன்களை வைத்து இதைச் சோதித்தார்கள். சில வேலைகள் இடது பக்கம் சாய்கின்றன, சில வலது பக்கம் சாய்கின்றன. ஆனால் ஒரு ஆளை எடுத்துக்கொண்டு, இவருக்கு மொத்தத்தில் இடது பாதி வலுவானது, இவருக்கு வலது பாதி வலுவானது என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை.

கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று வாய்ப்பாட்டைச் சட்டென்று எடுப்பதில் மொழிக்குப் பக்கத்தில் இருக்கும் இடது பகுதிக்குப் பங்கு அதிகம். இந்தக் குவியலில் அதிகமா, அந்தக் குவியலில் அதிகமா என்ற அளவுணர்வுக்கு இரண்டு பக்கத்துப் பக்கவாட்டுப் பகுதிகளும் வேலை செய்கின்றன. வடிவக் கணக்கில் உருவத்தை மனசில் திருப்பிப் பார்க்க வலது பாதி வேண்டும். ஒரு பாதியை வைத்துக் கணக்குப் போடும் மனிதன் கிடையாது.

இந்த ஆராய்ச்சிக்கும் நம் வேலூருக்கும் தூரம் அதிகமில்லை என்பதை இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை 1949இல் நம் ஊர் சி.எம்.சி.யில்தான் தொடங்கியது. தொடங்கியவர் ஜேக்கப் சாண்டி. அவர் பயிற்சி பெற்றது மான்ட்ரியலில், வைல்டர் பென்ஃபீல்டிடம். நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, இங்கே கை, இங்கே நாக்கு, இங்கே பேச்சு என்று வரைபடம் போட்டவர் அந்த பென்ஃபீல்டு. கனடாவின் பனியில் போட்ட அந்த வரைபடத்தின் அடிப்படையில்தான், அங்கே தொழில் கற்று வந்தவர் நாற்பது டிகிரி ஊரில் மூளையைத் திறந்தார். குளிர் நாட்டு மூளை, வெயில் நாட்டு மூளை என்று இரண்டு வரைபடம் யாருக்கும் தேவைப்படவில்லை.

கைப்பழக்கத்தையும் பாருங்கள். நம் ஊரில் சோத்தாங்கை, பீச்சாங்கை என்கிறோம். உலகத்தில் எங்கே போனாலும் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் வலது கைக்காரர்கள். பனிப் பிரதேசத்திலும் அப்படித்தான், பாலைவனத்திலும் அப்படித்தான். இடது கைக்காரர்கள் அதிகமாக உள்ள ஒரு இனத்தை இதுவரை யாரும் கண்டதில்லை. நியாண்டர்தால் என்ற பழைய மனித இனத்தாரின் பற்களில் உள்ள கீறல்களின் சாய்வைப் பார்த்து, அவர்களிலும் பெரும்பாலோர் வலது கைக்காரர்கள் என்று கண்டிருக்கிறார்கள். பல்லால் தோலைக் கடித்துப் பிடித்துக்கொண்டு கையிலிருந்த கல்லால் அறுக்கும்போது விழுந்த கீறல்கள் அவை. தட்பவெப்பம் மூளையின் பக்கத்தை மாற்றியிருந்தால் பூமத்தியரேகைக்கும் வடதுருவத்துக்கும் நடுவே இந்தக் கணக்கு தலைகீழாகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. பின்லாந்துக்காரருக்கும் பேச்சு இடது பக்கம்தான், நமக்கும் இடது பக்கம்தான்.

அப்படியானால் கடுமையான வெயிலுக்கும் பனிக்கும் ஈடுகொடுப்பது எது? இதற்கும் நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் என்பதால் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அந்தப் பக்கத்துத் தம்பி ஒருவர், என்னிடம் படித்தவருடைய சகோதரர், லடாக்கில் பணியில் இருந்தார். பாலாற்று மணலில் பந்து விளையாடி வளர்ந்த பிள்ளை. லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

“போய் இறங்கின அன்னைக்கு ஷூ கயிறு கட்டக் குனிஞ்சாலே மூச்சு வாங்குது சார். முதல் ரெண்டு நாள் சும்மா இருன்னுட்டாங்க. அப்புறம் மெதுவா நடக்க விட்டாங்க. நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னாலும் மேலே விடமாட்டாங்க” என்றார்.

இந்திய ராணுவத்தில் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரை ஆறு நாள், அதற்கு மேல் 15,000 வரை நாலு நாள், அதற்கும் மேல் இன்னொரு நாலு நாள். மொத்தம் பதினாலு நாள். அந்த நாட்களில் உடம்புக்குள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் அழகு. முதல் மணி நேரத்திலிருந்தே மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சுவிட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை கூடுகிறது. அதைச் சிறுநீரகம் இரண்டு மூன்று நாளில் சரிக்கட்டுகிறது, பைகார்பனேட் என்ற காரப்பொருளை வெளியேற்றி. அதே சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து எலும்பு மஜ்ஜைக்குச் செய்தி அனுப்புகிறது. வாரக்கணக்கில் சிவப்பணுக்கள் கூடுகின்றன. நுரையீரல், சிறுநீரகம், மஜ்ஜை. இடது மூளையும் வலது மூளையும் இதில் சண்டைபோட இடமே இல்லை.

இதை விட எனக்குப் பிடித்தது அந்தத் தம்பி விடுமுறையில் வந்த கதைதான். மே மாசம், கத்திரி நடக்கிறது. வேலூரை வெயிலூர் என்று நாமே சொல்லிக்கொள்ளும் நாட்கள். “நான் பொறந்த ஊர் வெயிலு எனக்கே தாங்கல சார், ரெண்டாம் நாளே தலை சுத்திடுச்சு” என்றார். அவர் சட்டையின் முதுகைப் பார்த்தேன். காய்ந்த வியர்வை வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். வியர்வை அப்போதும் கொட்டியது, இன்னும் அதிகமாகவே. சட்டையில் அந்த வெள்ளைக் கோடு மட்டும் மங்கிவிட்டது.

அதுதான் வெயிலுக்குப் பழகுதல். ஒன்றிரண்டு வாரம் வெயிலில் வேலை செய்தால் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது. அதனால் இதயம் அதே வேலையைக் குறைந்த துடிப்பில் செய்து முடிக்கிறது. வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, அதிகமாகவும் வருகிறது. அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன், வியர்வைச் சுரப்பிகளுக்கு உள்ளேயே உப்பைத் திருப்பி உறிஞ்சவைக்கிறது. அதனால் வெளியே வரும் வியர்வையில் உப்புக் குறைகிறது. குளிர் ஊருக்குப் போய்ச் சில வாரம் இருந்தால் இதெல்லாம் கழன்றுவிடும், திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து. லடாக்கில் பிறந்த ஒருவர் வேலூருக்கு வந்தாலும் பதினாலு நாளில் இதே மாற்றம் அவருக்கும் நடக்கும். செங்கல் சூளையில் புதிதாக வேலைக்கு வருபவர்களை முதல் வாரமே முழுநேரம் நிறுத்தக் கூடாது என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

நம் உடம்பில் இருபது முதல் நாற்பது லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஆவியானால்தான். சொட்டிக் கீழே விழுந்தால் பயனில்லை. சென்னையில் 38 டிகிரிக்கே கசகசவென்று உயிர் போகிறது, வேலூரில் 41இல்கூட நிழலில் நின்றால் சமாளிக்க முடிகிறது என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. நம்முடையது வறண்ட காற்று. மண்பானை தண்ணீரைக் குளிரவைப்பதும் நம் தோல் நம்மைக் குளிரவைப்பதும் ஒரே வித்தைதான்.

இதையெல்லாம் நடத்துவது மூளைதானே என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் மூளையின் அடியில், நட்டநடுவில் இருக்கும் ஹைபோதலாமஸ் என்ற சின்னப் பகுதி. எடை ஏறக்குறைய நாலு கிராம். நடுக்கோட்டின் இரு பக்கமும் சமமாக இருக்கிறது. ரத்தத்தின் சூட்டையும் தோலிலிருந்து வரும் சேதியையும் பார்த்து, வியர்வை விடு, நடுங்கு, தோல் ரத்தக்குழாயைத் திற, மூடு என்று உத்தரவு போடுகிறது. நம் விருப்பத்தைக் கேட்பதில்லை. உணர்ச்சிக்காரரா கணக்குக்காரரா என்றும் பார்ப்பதில்லை.

தலைமுறை தலைமுறையாக ஒரே கடுமையான இடத்தில் வாழ்ந்தவர்களின் மரபணுவில் சில மாற்றங்கள் நிலைத்திருப்பதும் உண்மை. திபெத்தியர்களிடம் ஈபாஸ்1 என்ற மரபணுவின் ஒரு வடிவம் பரவியிருப்பதை 2010இல் கண்டார்கள். உயரத்தில் ரத்தம் அளவுக்கு மீறிக் கெட்டியாகாமல் அது காக்கிறது. அந்த வடிவம் டெனிசோவன் என்ற பழைய மனித இனத்திடமிருந்து வந்தது என்று 2014இல் தெரிந்தது. கிரீன்லாந்து இன்யூட் மக்களிடம், கடல் விலங்குகளின் கொழுப்பையே தின்று வாழ ஏற்ற மாற்றங்களை 2015இல் கண்டார்கள். ரத்தம், கொழுப்பு, தோல் நிறம், உடல் பருமன் என்று இந்தப் பட்டியல் நீளும். எங்கேயும் மூளையின் ஒரு பாதி மறுபாதியை வென்றது என்ற செய்தி இல்லை.

வெயில் மூளையைத் தொடவே தொடாதா? தொடும். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 2016இல் பாஸ்டனில் ஒரு வெப்ப அலையின்போது 44 கல்லூரி மாணவர்களைப் பன்னிரண்டு நாள் கவனித்தார்கள். ஏ.சி. இல்லாத விடுதியில் தூங்கியவர்கள் காலையில் செய்த சோதனையில், ஏ.சி. உள்ள விடுதியில் தூங்கியவர்களை விடச் சுமார் 13 சதவீதம் மெதுவாகப் பதில் சொன்னார்கள். எல்லோரும் குளிர் நாட்டில் படிக்கிற இளம்பிள்ளைகள். வெப்பத்தில் தூக்கம் கெட்டால் யாருக்கும் சிந்தனை மந்தமாகும், அறை குளிர்ந்து தூக்கம் சரியானால் திரும்பிவிடும். உங்கள் மகன் எந்த அறையில் படிக்கிறான், மேலே தகரக் கூரையா, மத்தியானம் இரண்டு மணிக்குக் கணக்குப் போடுகிறானா, விடியற்காலையில் போடுகிறானா? அந்த வகுப்பில் இருபது கேள்வி கேட்டவர்கள் இதில் ஒன்றையாவது கேட்டிருக்கலாம்.

அதற்கும் மேலே போனால் ஆபத்து. உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டி, ஆள் உளறினால், தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது வெப்பவாதம். மயக்கம்தானே என்று விடாதீர்கள். நிழலுக்கு இழுத்துப்போய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். நினைவு தடுமாறுகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வைகாசி முதல் நாள் உங்கள் ஊர் கங்கையம்மன் சிரசு திருவிழாவில் நிற்கும் கூட்டத்தை நினைத்துத்தான் இதை இங்கே எழுதுகிறேன். அந்தத் தெருக்களில் மோரும் கூழும் ஊற்றுகிறவர்கள் செய்வது உடலியங்கியல்படி மிகச் சரியான காரியம். தண்ணீர், உப்பு, கொஞ்சம் மாவுச்சத்து மூன்றும் ஒரே சொம்பில்.

இனி அந்தத் திட்டமிடும் வாதம். பனிக்காலத்துக்குச் சேர்த்துவைக்க வேண்டியிருந்ததால் குளிர் நாட்டுக்காரனுக்குத்தான் திட்டமிடும் மூளை வந்தது என்றார்களே. எனக்கு இதில்தான் மனம் அதிகம் வலிக்கிறது. வடஆற்காட்டு மண்ணில் நின்றுகொண்டு இப்படிச் சொல்ல எப்படி முடிகிறது? பாலாறு பாதி வருஷம் வெறும் மணல். மழை சில மாதங்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்த நீரைப் பிடித்து மீதி மாதங்களை ஓட்ட வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் மகேந்திரவாடியில் குடைவரைக் கோயில் எடுத்தபோது, அது மகேந்திர தடாகம் என்ற ஏரிக்கரையில் இருப்பதாகக் கல்வெட்டே சொல்கிறது. காவேரிப்பாக்கம் ஏரியின் கரையில் ஒரு முறை நடந்து பாருங்கள். எந்தச் சரிவில் கரை போடுவது, மதகு எந்த மட்டத்தில், மிகுந்த நீர் எந்தக் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரிக்குப் போவது, கடைமடைக்காரனுக்கு எத்தனை நாழிகை தண்ணீர்? கணக்கு வராதவர்கள் கட்டியதா அது? அதற்கும் முன்னால், திருப்பத்தூர் பக்கத்துப் பையம்பள்ளியில் 1960களில் அகழ்ந்தபோது புதிய கற்கால மக்களின் குடியிருப்பில் கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. வறட்சியைத் தாங்கும் பயிர் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வறட்சிக்குச் சேர்த்துவைப்பதும் பனிக்குச் சேர்த்துவைப்பதும் ஒரே புத்திதான்.

மனித இனம் பிறந்ததே வெப்பமான ஆப்பிரிக்காவில், சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அங்கிருந்து கிளம்பிய கூட்டம்தான் சைபீரியா வரை போனது. அவர்களைப் பனியில் காப்பாற்றியது எது என்று கேட்டால் நான் ஊசியைச் சொல்வேன். சைபீரியாவில் சுமார் 40,000 ஆண்டுப் பழமையான, கண் வைத்த எலும்பு ஊசிகள் கிடைத்திருக்கின்றன. தோலை உடம்புக்கு ஒட்டத் தைத்தால்தான் காற்று உள்ளே புகாது. ஒரு கை தோலைப் பிடிக்க, ஒரு கை ஊசியைச் செலுத்த, பக்கத்தில் பிள்ளை உட்கார்ந்து பார்க்க, தாய் வாயால் சொல்லிக் கொடுக்க. கை இரண்டும் வேண்டும், பேச்சும் வேண்டும், தோல் வளையும் இடத்தை மனக்கண்ணில் பார்ப்பதும் வேண்டும். எங்கள் தெரு அத்தையின் முறத்தை நினைத்தால் எனக்கு அந்த ஊசிதான் நினைவுக்கு வருகிறது. உடம்பு பதினாலு நாளில் பழகும், மரபணுவுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் வேண்டும். இரண்டுக்கும் நடுவே மனிதனைக் காத்தது ஒருவர் கற்று இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்த வித்தை. அது மூளையின் இரண்டு பாதிக்கும் சொந்தம்.

இந்த “ஊர் வெப்பம் எப்படியோ புத்தி அப்படி” என்ற பேச்சு புதிதும் இல்லை. அரிஸ்டாட்டில் குளிர் ஐரோப்பியருக்கு வீரம் உண்டு அறிவு குறைவு, ஆசியருக்கு அறிவு உண்டு வீரம் குறைவு, நடுவில் இருக்கும் கிரேக்கருக்கு இரண்டும் உண்டு என்றார். 1915இல் எல்ஸ்வொர்த் ஹன்டிங்டன் என்ற அமெரிக்கப் புவியியலாளர் நாகரிகத்துக்கு ஏற்ற வானிலைக்கு உலக வரைபடம் போட்டார். அதில் உயர்ந்த இடங்களில் ஒன்று அவர் வாழ்ந்த வடகிழக்கு அமெரிக்கா. வரைந்தவர் ஒவ்வொருவரும் தன் ஊரைத்தான் சிறந்ததாகக் கண்டார். இங்கே ஆண்ட வெள்ளைக்காரர்களோ நம் சூரியக் கதிர் மண்டை ஓட்டைத் துளைத்து மூளையைக் கெடுக்கும் என்று நம்பி, நெட்டியில் செய்த கனத்த தொப்பியை வெளியே போகும்போதெல்லாம் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெறுந்தலையோடு வெப்ப நாடுகளில் சுற்றிய சிப்பாய்களுக்கு மூளை கெடவில்லை என்று பார்த்தபின் அந்தத் தொப்பி தானாக மறைந்தது. அந்த நம்பிக்கையின் மிச்சத்தைத்தான் உங்கள் பிள்ளையின் தலையில் இப்போது வைத்திருக்கிறார்கள் அம்மா. கழற்றி எறியுங்கள்.

மகனுடைய இடது கைக்கு வருகிறேன். இடது கைக்காரர் என்றால் வலது மூளைக்காரர் என்று அர்த்தமில்லை. இடது கைக்காரர்களிலும் பத்துக்கு ஏழு பேருக்குப் பேச்சு இடது மூளையில்தான். மற்றவர்களுக்கு வலது பக்கமோ இரண்டு பக்கமுமோ இருக்கும், அதனால் எந்தக் குறையும் வருவதில்லை. கையை மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பெரியவர்கள் யாராவது பீச்சாங்கை என்று சொல்லிக் காட்டினால், பையன் காதில் விழாதபடி அவர்களிடம் தனியாகப் பேசுங்கள்.

கணக்கில் மார்க் குறைவதற்கு, நீங்கள் எழுதியதை வைத்து எனக்குத் தோன்றுவது இது. போன வருஷத்து நோட்டை எடுத்து, தப்பான கணக்குகளை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். வழி தெரியாமல் தப்பானதா, இல்லை எண்ணை மாற்றி எழுதியும் வரிசை கோணியும் தப்பானதா என்று பிரியுங்கள். இடது கைப் பிள்ளைகள் எழுதும்போது எழுதியதையே கை மறைத்துவிடும். மையும் கலையும். கூட்டல் வரிசை கோணலாகப் போகும். நோட்டின் மேல்பக்கம் வலதுபுறம் சாயும்படி கொஞ்சம் திருப்பி வைத்து, பேனாவை முனையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். கட்டம் போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள். வகுப்பில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்கும்படி டீச்சரிடம் கேளுங்கள், பக்கத்துப் பையனின் முழங்கை இடிக்காது. கணக்கை மத்தியானத்தில் வேண்டாம், காலை ஐந்தரைக்கு மொட்டை மாடியில் போடட்டும். ஒரு மாதம் பார்த்துவிட்டு எழுதுங்கள், அந்த நோட்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், நானே பார்க்கிறேன்.